“அந்த ஊசி கிடைத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா?”

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிலிருந்த ஆணியை பிளேடால் சீவிக்கொண்டார். புதன்கிழமை காய்ச்சலும் கால் வலியும் வந்தது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். வியாழன் சாயங்காலம் பேச்சு குழற ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராத்திரியே காலில் ஆபரேஷன் செய்தார்கள். ‘கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது’ என்றார்கள். ஐசியுவில் ஐந்து நாள் இருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என் தம்பி நெட்டில், இதற்கென்றே இஸ்ரேலில் ஒரு பெப்டைட் ஊசி கண்டுபிடித்திருப்பதாகப் படித்தான். இரண்டு நாள் அதற்காக அலைந்தான். போனில் ஒருவர் 3 லட்சம் கேட்டார். பணம் புரட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்றும் அவன் சரியாகத் தூங்குவதில்லை. அந்த ஊசி கிடைத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா? அதே ஆள் இப்போது, அப்பாவுக்கும் சர்க்கரை இருப்பதால் எதிர்ப்புச் சக்திக்கு மாதம் ஒரு பெப்டைட் ஊசி போடலாம் என்கிறார். போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த ஆஸ்பத்திரி சம்மரியையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை ரிப்போர்ட்டையும் வரி வரியாகப் படித்தேன். முதல் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊசியை உங்கள் தம்பி எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்கியிருக்க முடியாது. அது எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. 3 லட்சம் கேட்டவரிடம் அந்த மருந்து இருந்திருக்க வழியே இல்லை. பணம் தாமதமானதால் அம்மாவை இழந்தோம் என்ற எண்ணத்தை நீங்கள் இருவரும் இன்றே இறக்கி வைத்துவிடலாம்.

ஆனால் தம்பி படித்தது பொய்யான செய்தி அல்ல. அந்த ஆராய்ச்சி உண்மையானது, நல்ல யோசனையும்கூட. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அவர் மனம் ஆறும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மாவின் கல்ச்சரில் வளர்ந்த கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ். சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி கொண்டுவருகிற அதே கிருமிதான். சில சமயம் இது தோலுக்கு அடியில் இறங்கி, தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு வழியாகப் பரவி, சதையை அழுகச் செய்துவிடும். கூடவே சில நஞ்சுகளையும் கக்கும். இவற்றுக்கு சூப்பர் ஆன்டிஜென் என்று பெயர்.

நம் உடம்பில் டி செல்கள் என்ற காவல் அணுக்கள் இருக்கின்றன. ஒரு கிருமி உள்ளே வந்தால், அந்தக் கிருமியை அடையாளம் காணத் தெரிந்த மிகச் சில டி செல்கள் மட்டுமே விழித்துக்கொள்ளும். பத்தாயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. அதுவும் சும்மா விழிக்காது. முதலில் வேறொரு அணு கிருமியின் துண்டைக் காட்ட வேண்டும். அப்புறம் ‘ஆமாம், இது எதிரிதான்’ என்று இரண்டாவது சைகை வர வேண்டும். டி செல்லின் மேல் இருந்துகொண்டு அந்த இரண்டாவது சைகையை வாங்குகிற ஏற்பியின் பெயர் சிடி28. சூப்பர் ஆன்டிஜென் இந்த ஒழுங்கையே மதிப்பதில்லை. துண்டைக் காட்டும் அணுவையும் டி செல்லையும் வெளியிலிருந்தே பிடித்து இழுத்துச் சேர்த்து, ஐந்தில் ஒரு பங்கு டி செல்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். ஒரு வீட்டில் திருடன் நுழைந்ததற்கு ஊரே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, எல்லா வீட்டுக் கதவையும் உடைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கலவரத்தில்தான் ரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீரகம் நிற்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. செப்சிஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கிருமி ரத்தத்தில் இருப்பது மட்டுமல்ல, கிருமிக்கு உடம்பு காட்டுகிற கட்டுமீறிய பதிலால் உறுப்புகள் பழுதாவது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடிப் பேர் செப்சிஸோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள் என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. உலகில் நேர்ந்த ஐந்து சாவுகளில் ஒன்று.

ஜெருசலேமில் உள்ள ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கெம்ஃபர் என்பவரின் குழு பல வருடம் இதையே ஆராய்ந்தது. இந்த நஞ்சு சிடி28 ஏற்பியையும் நேராகப் பற்றிக்கொள்கிறது, அந்தப் பிடி இல்லாவிட்டால் கலவரமே மூளாது என்று 2011-இல் அவர்கள் காட்டினார்கள். இரண்டு சிடி28 மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற விளிம்பில்தான் நஞ்சு கை வைக்கிறது. அந்த விளிம்பில் இருக்கும் எட்டே எட்டு அமினோ அமிலங்களை நகலெடுத்து ஒரு சிறு சங்கிலியாகச் செய்தார்கள். ஏற்பியின் ஒரு துண்டைப் போலவே இருக்கும் இந்தக் குட்டிப் புரதத்துக்குத்தான் பெப்டைட் என்று பெயர். அது நஞ்சுக்கும் ஏற்பிக்கும் நடுவே புகுந்து பிடியை விலக்கிவிடுகிறது. கிருமியை அது தொடுவதே இல்லை. அதனால் கிருமி பழகிக்கொண்டு மருந்துக்கு அடங்காமல் போகிற சிக்கலும் குறைவு. டி செல்களை அடியோடு முடக்கிவிடுவதும் இல்லை, மிதமிஞ்சிய கூச்சலை மட்டும் தணிக்கிறது. எலிகளில் அருமையாக வேலை செய்தது. அந்த மருந்தின் பெயர் ரெல்டெசிமாட்.

சிடி28 எவ்வளவு பொல்லாத விசை என்பதற்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2006 மார்ச்சில் லண்டனில், இதே ஏற்பியைத் தூண்டிவிடும் வேறொரு புது மருந்தை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் சோதனையாகப் போட்டார்கள். விலங்குகளில் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் பழுதாகி ஐசியுவுக்குப் போனார்கள். நல்லவேளை, உயிர் போகவில்லை. உடம்பில் ஒரு கிருமிகூட இல்லாமலே, இந்த ஒரு விசையை அழுத்தியதற்கே அவ்வளவு. அப்படியென்றால் அந்த விசையில் கை வைக்கும் எந்த மருந்தையும் ஊர் பேர் தெரியாதவர் தரும் குப்பியிலிருந்து உடம்பில் ஏற்ற முடியுமா என்று தம்பியை யோசிக்கச் சொல்லுங்கள்.

சரி, மனிதர்களில் ரெல்டெசிமாட் என்ன செய்தது? சரியாக அம்மாவுக்கு வந்த அதே நோய்க்குத்தான் அதைச் சோதித்தார்கள். சதை அழுகும் தொற்றுள்ள 290 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் திரவம். ஆன்டிபயாடிக், ஆபரேஷன் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுபோல. முடிவு 2020-இல் வெளியானது. உயிரோடிருப்பது, மேற்கொண்டு கால் கை எடுக்காமலிருப்பது, உறுப்புகள் தேறுவது என்று பலவற்றையும் சேர்த்து ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் அதை எட்டியவர்கள் 48.6 சதவீதம், பெறாதவர்களில் 39.9 சதவீதம்.

படித்தவுடன் ‘ஒன்பது சதவீதம் கூடுதலாச்சே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 290 பேர் என்பது சின்னக் கூட்டம். மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும், யார் எந்தப் பாதியில் விழுந்தார்கள் என்பதாலேயே இவ்வளவு வித்தியாசம் தெரிவதற்கு நூற்றுக்குப் பதிமூன்று வாய்ப்பு இருந்தது. அது ஐந்துக்குள் வந்தால்தான் நிரூபணமாக எடுத்துக்கொள்வார்கள். உறுப்புகள் தேறுவதில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தரும் வேறுபாடு தெரிந்தது. இறந்தவர்கள் எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் வேறுபாடு இல்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த வரியில்தான் இருக்கிறது, சகோதரி. அந்த மருந்து கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இறந்தார்கள்.

இதே வழியில் பிரான்ஸில் இன்னொரு பெப்டைட் உண்டு. ட்ரெம்-1 என்ற ஏற்பியை 2000-இல் கண்டுபிடித்தார்கள். அது வெள்ளை அணுக்களின் மேல் இருந்துகொண்டு, ஏற்கெனவே எழும்பிய அழற்சியை ஒலிபெருக்கி வைத்தாற்போலப் பெருக்குகிறது. அதை அடக்க 12 அமினோ அமிலம் கொண்ட நங்கிபோடைட் என்ற மருந்தைச் செய்தார்கள். இதுவும் வேறொரு ஏற்பியிலிருந்து எடுத்த துண்டுதான். உடம்பில் வெகு சீக்கிரம் கரைந்துவிடுவதால், டிரிப்ஸ் மாதிரி நாள் கணக்கில் விடாமல் ஏற்ற வேண்டும். ஏழு நாடுகளில் செப்டிக் ஷாக், அதாவது செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்த நிலை, வந்த 355 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2023-இல் வந்தது. முதன்மை இலக்கை அதுவும் எட்டவில்லை. ஆனால் ரத்தத்தில் ட்ரெம்-1 மிக அதிகமாக இருந்தவர்களில், கூடுதல் டோஸ் பெற்றவர்களுக்கு உறுப்புகள் சற்று மேலாகத் தேறியதுபோல் தெரிந்தது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரத்தப் பரிசோதனையில் ஆள் பார்த்துக் கொடுத்தால் பலிக்கலாம் என்பதற்கு இது ஒரு தடயம். இந்த வழி ஒருநாள் திறக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். இன்னும் திறக்கவில்லை.

செப்சிஸில் இந்த ஏமாற்றம் புதிதல்ல. 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஸைக்ரிஸ் என்ற மருந்து, பத்து வருடம் உலகம் முழுக்க ஐசியுக்களில் போடப்பட்டது. மறுபடி சோதித்தபோது பலன் தெரியாததால் 2011-இல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. எரிடோரான் என்ற இன்னொன்று, அழற்சியின் வேறொரு ஏற்பியை அடைக்கும் மருந்து. கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேரில் சோதித்தும் ஓர் உயிரைக்கூடக் கூடுதலாகக் காப்பாற்றியதாகக் காட்ட முடியவில்லை. எலிக்கு நோய் எந்த நிமிடம் தொடங்கியது என்று ஆராய்ச்சியாளருக்குத் தெரியும். ஒரே வயது, ஒரே வகை எலிகள். எங்களிடம் வருபவர் ஒருவர் 24 வயதுப் பிரசவமான பெண், அடுத்தவர் 70 வயதுச் சிறுநீரக நோயாளி. ஒருவருக்கு அழற்சி கொழுந்துவிட்டு எரிகிறது, இன்னொருவருக்கு அது ஏற்கெனவே எரிந்து அடங்கி, எதிர்ப்புச் சக்தியே செத்துக் கிடக்கிறது. இருவருக்கும் ஒரே மருந்தை ஏற்றினால் ஒருவருக்கு உதவுவது மற்றவரைக் கெடுக்கும்.

இப்போது அம்மாவின் சம்மரிக்கு வருகிறேன். அதில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று தோன்றும் ஒரு வரி இருக்கிறது. ஆன்டிபயாடிக் பட்டியலில் மூன்றாவதாக ‘கிளிண்டாமைசின்’ என்று எழுதியிருக்கிறார்கள். பழைய மருந்து, விலையும் அதிகமில்லை. அது கிருமியின் புரதத் தயாரிப்பை நிறுத்துகிறது. சூப்பர் ஆன்டிஜென் ஒரு புரதம் என்பதால், அந்த நஞ்சு உற்பத்தியும் அதோடு நிற்கும். பெப்டைட் ஊசி, வெளியே வந்துவிட்ட நஞ்சின் கையைத் தட்டிவிடப் பார்க்கிறது. கிளிண்டாமைசின் நஞ்சு செய்யும் பட்டறையையே மூடப் பார்க்கிறது. அம்மாவுக்கு நஞ்சை எதிர்த்து எதுவுமே செய்யவில்லை என்று தம்பி நினைத்திருந்தால், அது சரியல்ல. முதல் ராத்திரியே செய்திருக்கிறார்கள்.

நேரங்களையும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குள் வந்தது 6.35. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து முதல் ஆன்டிபயாடிக் போட்டது 7.10. தியேட்டருக்குள் போனது 10.40. ரத்த அழுத்தம் சரிந்தபின் ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக 2006-இல் வந்த ஓர் ஆய்வை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம். ஷாக்கில் வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும் என்பது விதி. அங்கே 35 நிமிடத்தில் போயிருக்கிறது. அழுகிய சதையை அன்றே வெட்டி எடுத்திருக்கிறார்கள். நான் அந்த ட்யூட்டியில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

புதன்கிழமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ராத்திரியில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. முதல் நாளில் இந்த நோய் சாதாரணக் கால் வீக்கம் போலவே இருக்கும். தோல் லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். தேர்ந்த மருத்துவர்களும் தவறவிடும் நோய் இது. நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது ஒரு விவசாயியின் காலைப் பார்த்து, வெறும் வீக்கம் என்றுதான் எழுதினேன். அவர் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். என் சீனியர் வந்து, சிவப்பு முடியும் இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார். நாங்கள் இன்னொரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போயிருந்தது. பார்ப்பதற்குக் கொஞ்சம்தான், வலியோ தாங்க முடியாத அளவு. இந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒருவர் இருந்தார். உங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அப்பா விஷயம். அந்த மாதாந்திர ஊசி வேண்டவே வேண்டாம். செப்சிஸ் வராமல் தடுக்கும் பெப்டைட் ஊசி என்று ஒன்று கிடையாது. எதிர்ப்புச் சக்திக்கு என்று சொல்லித் தருகிற தைமோசின் ஆல்ஃபா என்ற பெப்டைட் ஒன்று உண்டு. சீனாவில் 1,106 செப்சிஸ் நோயாளிகளில் அதைச் சோதித்து 2025-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 23.4 சதவீதம், பெறாதவர்களில் 24.1. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஐசியுவில் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு எதற்கு? அந்த ஆளின் நம்பரை இரண்டு பேர் போனிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு துளியில் அப்பாவுக்கு மென்மையான உள்ளடி வைத்த செருப்பு வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளட்டும். ராத்திரி படுக்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காட்டச் சொல்லி, விரலிடுக்குகளையும் பாருங்கள். சர்க்கரையால் நரம்பு மரத்திருந்தால் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. ஆணி இருந்தால் பிளேடு, கத்திரி, கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி எதுவும் வேண்டாம். சர்க்கரைக் கால் பார்க்கும் மருத்துவரிடமே சீவட்டும். புண் வந்தால் மஞ்சள் பற்று, சுண்ணாம்பு, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் வேண்டாம். சிவப்பு இருந்தால் நீங்களும் பேனாவால் கோடு போட்டு மணி எழுதுங்கள். அது கோட்டைத் தாண்டினாலோ, வலி பார்வைக்குப் பொருந்தாமல் அதிகமாக இருந்தாலோ, கறுத்தாலோ, கொப்புளம் வந்தாலோ கிளினிக்கில் காத்திருக்காதீர்கள். ராத்திரியிலும் ஆபரேஷன் செய்ய சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். நரம்பு மரத்தவருக்கு வலியே தெரியாமலும் இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். காய்ச்சலோடு மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, கை கால் சில்லென்று ஆவது இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் நுனியை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டுப் பாருங்கள். வெளுத்த இடம் மறுபடி சிவக்க மூன்று எண்ணுவதற்கு மேல் ஆனால், ரத்தம் ஓரங்களுக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஐசியுவில் நாங்களும் இதைத்தான் மணிக்கொரு தரம் செய்கிறோம். போனதும் ‘செப்சிஸாக இருக்குமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக, தம்பியிடம் இந்தப் பத்தியை நீங்களே படித்துக் காட்டுங்கள். ரெல்டெசிமாட் சோதனையில் ஒரு நிபந்தனை இருந்தது. நோய் இதுதான் என்று கண்டுபிடித்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த ஒரே டோஸைப் போட்டுவிட வேண்டும். அம்மாவுக்கு நோயைக் கண்டுபிடித்தது வியாழக்கிழமை ராத்திரி. தம்பி அந்தக் கட்டுரையைப் படித்தது ஞாயிற்றுக்கிழமை. அவர் தேட ஆரம்பித்தபோதே, அந்த மருந்தைச் செய்தவர்கள் தாங்களே வைத்த நேரம் முடிந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பணம் கையில் இருந்திருந்தாலும், மருந்து உண்மையாகவே இருந்திருந்தாலும், அந்தச் சோதனையில் அம்மாவைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாளும் ஐசியு வாசலை விட்டு வெளியே அலைந்துவிட்டோமே என்றுதான் அவருக்குத் தூக்கம் வராமல் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமையிலிருந்தே அம்மாவுக்கு மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்ததாகச் சம்மரியில் இருக்கிறது. தம்பி பக்கத்தில் இல்லையே என்று அம்மா தேடி ஏங்கியிருக்க மாட்டார். இன்னும் ஒரு மாதத்தில் தம்பியின் தூக்கம் சரியாகாவிட்டால் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகிற அன்று நீங்களும் கூடப் போங்கள்.